கொதிகலன் உபயம்

செப்டம்பர் 6, 2025

மூன்று மணி நேரம் கார் ஓட்டி ஒஹையோவுக்குப் போய், எங்கள் ஃப்ரடர்னிட்டி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இதை நம்மூர் ஆட்களுக்கு விளக்குவது எப்போதும் கஷ்டம். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கம், அதற்கென்று ஒரு வீடு, அதில் முப்பது பையன்கள். எங்கள் வீடு கல்லூரிக்குச் சொந்தமில்லை. முன்னாள் மாணவர்கள் நடத்தும் ஒரு கார்ப்பரேஷனின் சொத்து. அதற்கு இந்த வருடம் நான்தான் பொருளாளர். வேறு யாரும் முன்வரவில்லை.

1926-ல் கட்டிய வீடு. எலக்ட்ரீஷியன் பரணில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார். பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய, துணி சுற்றிய பழைய கம்பி. ஒன்றும் சொல்லாமல் பலகையை மூடிவிட்டார். கம்பி, கூரை, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன், தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லாம் சேர்த்து மதிப்பீடு ஒன்பது லட்சம் டாலர். கையில் இருப்பது எழுபதாயிரம்.

செப்டம்பர் 9

ஸ்பிரிங்க்ளர் அடுத்த வருடம் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். 1996 மே 12-ஐ நினைவுபடுத்தினேன். வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் பட்டமளிப்பு நாள் காலை, ஒரு ஃப்ரடர்னிட்டி வீடு எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அந்த வீட்டில் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் அதைக் கட்டாயமாக்கியது. நான் அப்போது இரண்டாம் ஆண்டு. செய்தி வந்ததும் மாடிப்படியை அடைத்துக் கிடந்த பழைய சோபாவைத் தூக்கி வெளியே போட்டோம். எங்கள் பாதுகாப்பு நடவடிக்கை அவ்வளவுதான்.

செப்டம்பர் 14

நன்கொடை கேட்டு முன்னாள் மாணவர்களுக்கு இன்று பதினோரு போன். யாரும் பணத்தில் ஆரம்பிப்பதில்லை. 'அந்தக் கணப்பு இன்னும் புகையுதா?', 'சுவரில் எங்க வருஷத்து குரூப் போட்டோ இருக்கா?' அங்கிருந்துதான் பேச்சு நகர்கிறது. கணப்புக்கு மேல் பித்தளைப் பலகையில் பெயர் போட்டால் இருபதாயிரம் தருவதாக ஒருவர் சொன்னார். பில்லியர்ட்ஸ் அறையை இன்னொருவர் கேட்டார். நூலக அறைக்கு இரண்டு பேர் போட்டி. எங்கள் காலத்தில் அதில் யாரும் ஒரு புத்தகத்தைப் பிரித்து நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.

கொதிகலனுக்கு மட்டும் ஆளில்லை. நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே மறைகிற மாதிரி 'உபயம்' எழுதுவதைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது கொதிகலன் வயிற்றில் எழுதிக்கொள்ளவாவது யாராவது வரமாட்டார்களா என்று இருக்கிறது.

செப்டம்பர் 21

வரித் தலைவலி. நம்மூர் 80ஜி ரசீது மாதிரி எல்லோரும் வரிவிலக்கு ரசீது கேட்கிறார்கள். வீட்டை வைத்திருக்கும் கார்ப்பரேஷன் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் ஒரு கிளப். அதற்குக் கொடுத்தால் விலக்கு கிடையாது. தனியாக உள்ள கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு, ஆனால் அந்தப் பணத்தைப் படிப்பறை மாதிரிக் கல்விக்கான பகுதிகளுக்குத்தான் செலவழிக்கலாம். படிப்பறைக்குப் பணம் சேர்ந்துகொண்டே போகிறது. அதற்கு மேலே கூரை ஒழுகுகிறது.

அக்டோபர் 5

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த போனை இன்று போட்டேன். என்னைவிட ஒரு வருடம் இளையவன். எங்கள் பட்டியலில் வசதியானவர்களில் ஒருவன்.

நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். அப்புறம், "கீழறையை என்ன பண்றீங்க?" என்றான்.

புதிதாகச் சேருகிறவர்களை அங்கேதான் இறக்குவோம். இங்கே ஹேசிங் என்பார்கள். நம்மூர் ராகிங்தான், சடங்கு என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். அவனையும் ஓர் இரவு முழுக்க அங்கே வைத்திருந்தார்கள். 'வைத்திருந்தார்கள்' என்று எழுதுகிறேன் பாருங்கள். கதவை வெளியிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு நின்றவன் நான். அதை அவனிடம் சொன்னேன். "தெரியும். உன் சிரிப்புச் சத்தம் கேட்டுது" என்றான். மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருடம் கழித்து, பணம் கேட்டுப் போட்ட போனில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் காது சுடுகிறது. வரைபடம் இருந்தால் அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அன்றிரவே அனுப்பினேன்.

அக்டோபர் 18

ஹோம்கமிங், பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்து கூடும் நாள். முன்னாள்கள் நிறையப் பேர் வந்தார்கள், பணம் கொஞ்சம் வந்தது. இப்போதைய தலைவனுக்கு இருபது வயது. ஹேசிங் இன்னும் உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றான், கொஞ்சம் வேகமாகவே. கல்லூரிகள் ஹேசிங் சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் சென்ற டிசம்பரில் கையெழுத்தானது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அப்படி எதற்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 2

அன்று போனில் கீழறையைப் பற்றிக் கேட்டவனிடமிருந்து மின்னஞ்சல், ஒரே வரி: 'கீழறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?'

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பழையபடியே உள்பக்கம். வெளியே ஒருவன் கைப்பிடியை இழுத்துப் பிடித்தால் போதும். கட்டிடக் கலைஞரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னேன். நடையில் இடம் குறையும், சுவரைக் கொஞ்சம் உடைக்க வேண்டும், நாலாயிரம் டாலர் கூடும் என்றார். சரி என்றேன். குழுவிடம் இன்னும் சொல்லவில்லை.

திருத்திய வரைபடத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். பணத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பதில் வரவில்லை.