ஒபாமா எந்தப் பக்கம் நின்றார்?

பராக் ஒபாமா அமெரிக்க அதிபராக இருந்த எட்டு ஆண்டுகளிலும் எதிர்த்தரப்பினர் பலர் அவரைச் சோசலிஸ்ட் என்றே அழைத்தார்கள். அவருடைய கட்சியிலேயே இடதுசாரிகளாக இருந்தவர்களோ, வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடம்கொடுத்துவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார்கள். ஒரு தலைவரின் மேடைப் பேச்சு இத்தகைய விவாதத்தைத் தீர்க்காது. நிறுவனங்கள் யாருக்குச் சொந்தம், செலவை யார் ஏற்கிறார்கள், பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற மூன்று கேள்விகளை அவர் கையெழுத்திட்ட சட்டங்களிடம் கேட்பதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

முதலில் 2010 மார்ச் 23 அன்று அவர் கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது மருத்துவமனைகளே அரசுடைமை ஆயின. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 1962இல் தொடங்கிய முறையில் மருத்துவர்கள் தனியாராகவே இருக்க, அவர்களுக்குரிய கட்டணத்தை அரசு செலுத்தியது. ஒபாமாவின் சட்டம் இவ்விரண்டு வழிகளிலும் செல்லவில்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஏற்கெனவே நோயுள்ளவர்களை மறுக்கக் கூடாது என்று அவற்றுக்கு விதி வகுத்தது. நோய் வந்த பிறகே எல்லோரும் காப்பீடு வாங்கினால் அந்த நிறுவனங்கள் நிலைக்காது என்பதால், உடல்நலமுள்ளவர்களும் காப்பீடு எடுத்தாக வேண்டும், இல்லையேல் அபராதம் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. மிகக் கடுமையாக எதிர்க்கப்பட்ட இந்த நிபந்தனையை 1989இலேயே முன்வைத்தது ஹெரிடேஜ் அறக்கட்டளை என்ற பழமைவாதச் சிந்தனைக் குழு. 1993இல் ஒபாமாவின் கட்சிக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர்கள் சிலர் கொண்டுவந்த மசோதாவிலும் அது இருந்தது. 2006இல் மாசசூசெட்ஸில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அக்கட்சியைச் சேர்ந்த ஆளுநர் மிட் ராம்னி. தனியாருடன் போட்டியிட அரசே ஒரு காப்பீட்டை நடத்தும் திட்டமும், அறுபது வாக்குகள் தேவைப்பட்ட செனட்டில் ஜோ லீபர்மன் போன்றோரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. உடைமை பற்றிய முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு, இது வலதுசாரிகளின் பழைய திட்டம்தான் என்று முடித்துவிடுவது சட்டத்தின் பாதியை மட்டும் படிப்பதாகும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை, வறுமைக்கோட்டு வருமானத்தின் 138 சதவீதம் வரை ஈட்டும் வயதுவந்தோர் அனைவருக்கும் அச்சட்டம் விரித்தது. நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களின் காப்பீட்டுத் தவணைக்கு மானியம் அளித்தது. இந்தச் செலவின் ஒரு பகுதிக்காக, ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டும் தனிநபர்களின் முதலீட்டு வருவாய்மீது 3.8 சதவீத வரி விதித்தது. மேலே இருப்போரிடம் வாங்கிக் கீழே இருப்போருக்குத் தரும் இந்த ஏற்பாட்டை இடதுசாரித்தன்மை கொண்டது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

பொருளாதாரத்திலும் ஏறத்தாழ இதே கலவைதான். வங்கிகளைக் காக்கும் 70,000 கோடி டாலர் சட்டம், 2008 அக்டோபரில் முந்தைய அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டது. ஒபாமா அதைத் தொடர்ந்தார், பெருவங்கிகளை அரசுடைமை ஆக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் அரசு சுமார் 60 சதவீதப் பங்கை வாங்கியது உண்மை. ஆனால் 2013 இறுதிக்குள் அதை முழுவதுமாக விற்று வெளியேறிய அரசைச் சோசலிச அரசு என்பது பொருந்தாது. 2009ஆம் ஆண்டின் ஊக்கத் திட்டத்தில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகைகளே. புஷ் காலத்து வரிக்குறைப்புகளில் பெரும்பகுதியை 2013இல் நிரந்தரமாக்கியவரும் ஒபாமாதான்; மிக உயர்ந்த வருமானங்களுக்கு மட்டுமே பழைய விகிதம் திரும்பியது.

ஆகவே அவர் கையாண்ட கருவிகள் நடுவிலிருந்தும் வலதிலிருந்தும் வந்தவை, பணம் பாய்ந்த திசை இடது என்பதே என் முடிவு. நீதிமன்றத்தில் நடந்ததும் இதற்குச் சான்றாகிறது. 2012இல் உச்ச நீதிமன்றம், பழமைவாதிகளிடமிருந்து வந்த கட்டாயக் காப்பீட்டை வரி என்ற அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. மெடிகெய்டு விரிவாக்கத்தையோ மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. டெக்சாஸ் இன்றுவரை அதை ஏற்கவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் எல்லாரும் மெடிகெய்டுக்குள் வந்துவிடுவார்கள் என்று எண்ணியே சட்டம் எழுதப்பட்டதால், அவர்களுக்குக் காப்பீட்டு மானியம் ஒதுக்கப்படவில்லை. குழந்தைகள் இல்லாத, உடல் ஊனமற்ற ஓர் ஏழைக்கு அந்த மாநிலத்தில் மெடிகெய்டும் கிடைப்பதில்லை, மானியமும் கிடைப்பதில்லை.