மாடல் அறையில் எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது

விமானம், கார் என்று சின்ன மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் பொருட்களை இனம் பிரித்துத்தான் அடுக்குகிறார்கள். மரத்துக்கு ஒரு தட்டு, பசைக்கு ஒரு டப்பா, பெயிண்டுக்கு ஒரு டிராயர், மிச்சம் மீதிக்கு ஒரு பெட்டி. தேடியது உடனே கைக்கு வரும், உண்மைதான். ஆனால் ஒரே இனம் என்று பக்கத்தில் வைத்த இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே இருக்கலாம். சூப்பர் குளூவும் அதை நொடியில் இறுக வைக்கும் ஆக்டிவேட்டரும் ஒரே டப்பாவில் கிடப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது! எந்தப் பொருளை எது கெடுக்கும் என்று பார்த்து இடம் ஒதுக்குவதுதான் சரி. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஈரமும் சூடும் சேர்ந்தே வருவதால் இதைத் தள்ளிப்போடவே முடியாது.

முதலில் அறை. பரணும் மொட்டை மாடித் தகர ஷெட்டும் வேண்டாம். கோடையில் அங்கே ஏறும் சூட்டில் ஸ்டைரீன் ஷீட் (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு) தன் எடையிலேயே வளையும், பெயிண்ட் கெட்டியாகும், ஸ்ப்ரே கேன் ஆபத்தாகும். கேனின் மீதே 50 டிகிரிக்கு மேல் சூடுபடக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஓதம் ஏறாது, கறையான் மண் ஏறினாலும் கண்ணில் படும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றை அலமாரிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம் இருந்தால் எல்லாப் பொருளுக்கும் நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திறந்த தட்டில் அந்த அளவு கிடைக்காது, மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான் வழி.

சிலிக்கா ஜெல்லை 5 லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் என்ற கணக்கில் துணிப்பையில் கட்டிப் போடலாம். நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நிறம் மாறியதும் ஓடிஜியில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. அதனால் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். எந்த வகையானாலும் சமையல் பாத்திரத்தில் சுட வைக்காதீர்கள், அதற்கென்று தனித் தட்டு இருக்கட்டும். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுகிறார்கள். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, வண்டைத்தான் இழுக்கும்.

பால்சா என்ற லேசான மரத்தின் ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைப்பதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு. சாய்த்த ஷீட்டில் ஒரு பக்கம் காற்று படும், மறுபக்கம் படாது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து விரியும், கூடவே தன் எடையும் அழுத்தும். ஒரு மழைக்காலம் போதும், வில்லாக வளைந்துவிடும். படுக்கை வசமாக, 12 மி.மீ. பிளைவுட் பலகை மேல் அடுக்குங்கள். 1, 1.5 மி.மீ. ஷீட்களை நடுவில் வைத்து, 5, 6 மி.மீ. ஷீட்களை மேலும் கீழும் போட்டு, உச்சியில் இன்னொரு பலகையும் கொஞ்சம் எடையும் வையுங்கள். ஏற்கெனவே வளைந்த ஷீட் இருந்தால் குழிந்த பக்கத்தில் மட்டும் ஈரத்துணியால் லேசாகத் துடையுங்கள். அந்தப் பக்கம் விரிந்து ஷீட் நேராகும். பிறகு இரண்டு பலகைக்கு நடுவில் எடை வைத்து நன்றாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். விரல் பட்டுக் குழி விழுந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இஸ்திரிப்பெட்டியின் நுனியை வைத்தால் அமுங்கிய நார் மேலெழும். நார் அறுந்த குழி மட்டும் எழாது.

வாங்கி வந்த அன்றே ஒவ்வொரு ஷீட்டையும் எடை போட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்சாவில் தடிமனைவிட எடைதான் தரத்தைச் சொல்லும். 1000 x 100 x 1.5 மி.மீ. ஷீட் 15 கிராம் இருந்தால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ. அதே அளவு ஷீட் 30 கிராம் இருந்தால் 200 கிலோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். லேசானதை வாலுக்கும் இறக்கை நுனிக்கும், கனமானதை ஸ்பாருக்கும் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் தாங்குசட்டம்) வைத்துக்கொள்ளலாம். எழுதி வைக்காவிட்டால் கனமான ஷீட் வாலுக்குப் போய், அதைச் சமன்செய்ய மூக்கில் ஈயம் சேர்க்க வேண்டிவரும். எடையோடு நாரையும் பாருங்கள். புள்ளிபுள்ளியாக மினுங்கும் சி-கிரெய்ன் ஷீட் விறைப்பானது, ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) வெட்ட ஏற்றது. நீளக் கோடுகளாகத் தெரியும் ஏ-கிரெய்ன் சுலபமாக வளையும், வளைவான இடத்தை மூட அதை எடுங்கள். இந்த இரண்டையும் கலந்து அடுக்கவே கூடாது.

பியானோ வயர் என்ற விறைப்பான எஃகுக் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் மெஷின் எண்ணெய் தடவி வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மரத் தட்டில் வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட பால்சாவில் பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. ஒரு மீட்டர் பிவிசி பைப்பை இரண்டு முனையிலும் மூடி போட்டு, வயருக்கென்று தனியாக அலமாரியின் பக்கவாட்டில் கட்டிவிடுங்கள். கார்பன் குழாய்க்கு இன்னொரு பைப்.

பூச்சிக்குப் பயந்து பெட்டியில் அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் பழகிப்போனது. மாடல் அலமாரியில் அது கூடவே கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும், கடையில் பெட்டியாக வரும் கிட்டின் பாகங்கள் பிசுபிசுக்கும், மூடிய டப்பாவில் கேடு சீக்கிரமே தெரியும். மரத்தைப் பாலிதீனில் இறுக்கிச் சுற்றி வைத்து, மாதம் ஒரு முறை எடுத்துத் தட்டிப் பாருங்கள். மெல்லிய மாவு உதிர்ந்தால் உளு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை உடனே வெளியே எறியுங்கள், பக்கத்து ஷீட்களையும் சோதியுங்கள்.

ஸ்டைரீனுக்கு இன்னொரு எதிரி, பலர் கவனிக்காதது: மென்மையான பிவிசி. பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்குமே, அதே வேதியியல்தான் இங்கேயும். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் கசிந்து பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி அதை உருக்கும். கார் கிட்டில் வரும் வினைல் டயர்களை ரிம்மில் மாட்டி வருஷக்கணக்கில் விட்டால் ரிம்மின் விளிம்பு குழைந்துபோயிருக்கும். பிவிசி உறை போட்ட வயர்கள், மென்மையான டியூப்கள் எல்லாம் இதே ரகம். கிட்டைத் திறந்த அன்றே டயர்களைத் தனி ஜிப்லாக் கவருக்கு மாற்றுங்கள். மாட்டித்தான் தீர வேண்டும் என்றால் ரிம்முக்கு நல்ல பெயிண்ட் பூச்சு கொடுத்துவிட்டு மாட்டுங்கள்.

இனி பசை. சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் குளூ, காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகும். நம் ஊரில் பாட்டில் சீக்கிரம் கல்லாவது அதனால்தான். திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கலாம், உணவு இருக்கும் தட்டில் மட்டும் வேண்டாம், மூடியுள்ள டப்பாவுக்குள் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே வேர்த்துவிடும், பிறகு ஃப்ரிட்ஜில் வைத்ததே வீண். ஒருமுறை திறந்ததை மறுபடி ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோகாமல், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான ஜாடியில் நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் பாட்டிலை மேஜையில் தட்டி, மூக்கில் நிற்கும் பசையை உள்ளே இறங்க விட்டு, துடைத்துவிட்டு மூடுங்கள். துடைக்கப் பருத்தித் துணி வேண்டாம். பசை நிறையப் பட்டால் பருத்தி சட்டென்று சூடாகிக் கையைச் சுடும். பாலிதீன் துண்டு போதும். பெரிய பாட்டில் லாபம் என்று தோன்றும், ஆனால் பாதி கெட்டுப்போகும். 20 கிராம் பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள்.

ஆக்டிவேட்டருக்கு வேறு தட்டு, முடிந்தால் வேறு அலமாரி. அதன் ஆவியே பசையை இறுக்கும். ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்து ஒட்டும் எபாக்சி பசையின் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளும் அப்படித்தான், அதையும் தள்ளி வையுங்கள். எபாக்சி ரெசின் பால்போலக் கலங்கிக் குருணையாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். பாட்டிலை 50 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் பழையபடி தெளியும். ரெசின் மூடியும் ஹார்டனர் மூடியும் மாறினால் பாட்டில் திறக்கவே திறக்காது. இரண்டிலும் வேறு வேறு நிறத்தில் டேப் சுற்றுங்கள். காக்பிட் கண்ணாடி மாதிரித் தெளிவான பாகங்களைப் பசை ஜாடிக்கு அருகில் விடாதீர்கள், சயனோ ஆவி பட்டால் வெண்படலம் படியும்.

பெயிண்டில் முக்கியமானது மூடியின் மரை. டாமியா 10 மி.லி. ஜாடியானாலும் ஹம்பிரால் 14 மி.லி. டின்னானாலும் விளிம்பைத் துடைக்காமல் மூடினால் காற்று புகும், மேலே ஆடை கட்டும். குலுக்க உள்ளே போடும் குண்டு கண்ணாடியாக இருக்கட்டும், சாதா இரும்புக் குண்டு அக்ரிலிக்கில் துருவாகி நிறத்தையே மாற்றும். மூடியின் மேல் அதே பெயிண்டைத் தொட்டு வைத்தால் நிறம் தேட வேண்டாம். தின்னரும் ஸ்ப்ரே கேனும் பூஜை விளக்கு, சமையலறை, இன்வெர்ட்டர் மூன்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு நகர்ந்து தீப்பொறி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

மாடல் மேல் ஒட்டும் எழுத்தும் சின்னங்களும் அச்சிட்ட டீக்கால் ஷீட்டை விளக்கக் குறிப்புப் புத்தகத்துக்குள் செருகி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பக்கத்தோடு ஒட்டும். மேலே அதன் மெல்லிய தாளோடு, ஒரு அட்டை வைத்து ஜிப்லாக் கவரில் படுக்கப் போடுங்கள்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு மரம், தின்னர் இருக்கும் அலமாரியில் இடமே கிடையாது. செல் ஒன்றுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட், அதாவது 3 செல் பேக் 11.4 முதல் 11.55 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் உப்பும். மூடி இறுகாத தகரப் பெட்டியில் வைத்துக் கல் பலகை மேல் வையுங்கள், தீப்பிடித்தால் வாயு வெளியேற வழி வேண்டும். உப்பிய பேக்கை மறுபடி சார்ஜ் செய்ய வேண்டாம்.

துண்டு துக்காணிகளுக்கு ஒரே ஒரு பெட்டி போதும். 10 செ.மீ.க்கு மேல் நீளமான பால்சாவும், கிட் பெயர் எழுதிய ஸ்ப்ரூவும் (பாகங்களைக் கழற்றிய பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம்) அதில் இருக்கட்டும். பெட்டி நிரம்பினால் பெட்டியை மாற்றாமல், அடியில் உள்ளதைக் கழியுங்கள்.