முகத்தை விட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள்

பந்தய விளையாட்டு ஒன்றில் ஓடும் கார் எது என்று இனங்காண முற்படும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். முன்விளக்கு, கிறில், நடுவில் இருக்கும் சின்னம் ஆகியவற்றை வைத்தே நாம் கார்களுக்குப் பெயர் சொல்லப் பழகியிருக்கிறோம். ஆனால் கார் உற்பத்தியாளரிடம் உரிமம் பெறாமல் கார்களை வரையும் ஒரு விளையாட்டு நிறுவனம் முதலில் மாற்றுவதும் அந்த முகத்தைத்தான். சின்னத்தை எடுத்துவிடுவார்கள், விளக்கின் வடிவத்தைக் கொஞ்சம் நீட்டுவார்கள், பம்பரில் இரண்டு துவாரங்களைக் கூடுதலாக வைப்பார்கள். கூரை பின்னோக்கி இறங்கும் சரிவு, கதவுக் கண்ணாடியின் கீழ்க்கோடு மேலெழத் தொடங்கும் இடம், முன்சில்லுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவற்றில் கைவைத்தால் கார் வேறு காராகிவிடும் என்பதால் அவற்றை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே யாராவது விளையாட்டுத் திரையின் படமொன்றை அனுப்பி, இது என்ன கார் என்று என்னிடம் கேட்டால், பக்கவாட்டுப் படம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் நடக்கும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பார்வை இலகுவில் வாய்த்துவிடும் என்பது என் நம்பிக்கை. இலங்கையில் நாம் கார்களை விற்பனைப் பெயரால் மட்டும் அழைப்பதில்லை. கொரொல்லா என்று ஒருவர் சொன்னால், கே.ஈ. 70ஆ, ஏ.ஈ. 100ஆ, 110ஆ, 121ஆ என்ற கேள்வி உடனே வரும். உதிரிப்பாகக் கடையில் போய் நின்று, கொரொல்லாவுக்கு முன்விளக்கு வேண்டும் என்று மட்டும் சொல்பவரைக் கடைக்காரர் செசி இலக்கம் பார்த்துவரத் திருப்பி அனுப்பிவிடுவார். டொயோட்டாவின் அந்தக் குறியீட்டில் முதலில் வரும் எழுத்து எஞ்சின் குடும்பத்தையும், அடுத்து வரும் ஈ என்ற எழுத்து கொரொல்லா, ஸ்பிரிண்டர் வகையையும், இலக்கம் தலைமுறையையும் குறிக்கின்றன. இதை அறிந்தவருக்கு, கிரான் டூரிஸ்மோ என்ற பந்தய விளையாட்டு வரிசையில் எல்லோரும் தேடி ஓட்டும் ஏ.ஈ. 86 வானத்திலிருந்து வந்த காராகத் தோன்றாது. நம் ஊர் ஏ.ஈ. 100இல் இருக்கும் 1.5 லீற்றர் 5ஏ எஞ்சினும், அந்த 86இல் இருக்கும் 1.6 லீற்றர் 4ஏ எஞ்சினும் ஒரே குடும்பம். இலக்கம் 80களில் வரும் அதே தலைமுறையைச் சேர்ந்த ஏனைய கொரொல்லாக்கள் முன்சில்லு இயக்கத்துக்கு மாறியபோது, 1983இல் வந்த 86உம் அதன் தம்பியான 85உம் மட்டும் பின்சில்லு இயக்கத்துடன் நின்றுவிட்டன. அந்த ஒரு காரணத்தால்தான் வளைவுகளில் வாலை வீசி ஓட்ட விரும்புகிறவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். திறந்து மூடும் விளக்கு உள்ளது ஸ்பிரிண்டர் ட்ருவெனோ, நிலையான விளக்கு உள்ளது கொரொல்லா லெவின். விளக்கை மறைத்துவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே கார்.

விளையாட்டு காட்டும் பெயரை நம்பக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நீட் ஃபோர் ஸ்பீட் வரிசையின் அண்டர்கிரவுண்ட் விளையாட்டுகள் வட அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் வரும் கொரொல்லா ஜி.டி.எஸ். என்பது மேலே சொன்ன அதே 86, இன்பினிற்றி ஜி35 என்பது ஜப்பானில் ஸ்கைலைன் என்ற பெயரில் விற்கப்பட்ட வி35 கூபே, லெக்சஸ் ஐ.எஸ். 300 என்பது நாம் அல்டேஸா என்று அறிந்த கார், அக்கியூரா ஆர்.எஸ்.எக்ஸ். என்பது ஹொண்டா இன்ரெக்ரா. ஜப்பானிலிருந்து நேரே இறக்கப்பட்ட வாகனங்களையே பார்த்து வளர்ந்த நமக்கு, தெரிந்த கார் தெரியாத பெயரோடு வந்து நிற்பது குழப்பத்தைத் தருவது இயல்பு.

இந்தக் குழப்பத்தின் உச்சம் லான்சர். 2003இல் வெளிவந்த முதலாவது அண்டர்கிரவுண்டில் மிட்சுபிசி லான்சர் ஈ.எஸ். என்றொரு கார் உண்டு. அகன்ற மட்காட்டும் உயர்ந்த இறக்கையும் பூட்டி, பொனற்றை மாற்றி, நிறமடித்து ஓட்டியவர்கள் அதனை லான்சரின் வலுக்கூடிய பந்தய வகையான லான்சர் எவொலூஷன் (சுருக்கமாக ஈவோ) என்றே இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என் மருமகனும் அப்படித்தான், "மாமா, இது ஈவோதானே?" என்று கேட்டான். "இல்லையடா, இது எங்கடை றோட்டிலை ஓடுற லான்சர்தான்" என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. பக்கத்துத் தெருக் கராஜில் அந்த வாரம் சி.எஸ். வகை லான்சர் ஒன்று நின்றது. முன்பம்பர் கழற்றி நிலத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்க மட்காட்டில் பூச்சு உரஞ்சி, சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. சின்னமும் முகமும் இல்லாத அந்த நிலையில் அவனை அதன் பக்கத்தில் நிறுத்தி, கைபேசியில் விளையாட்டின் படத்தை வைத்துக்கொண்டு, முன்கண்ணாடியின் சாய்விலிருந்து கதவுக் கண்ணாடிகளின் வரிசை வழியாகப் பின்தூண் வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். வேலையில் இருந்த மெக்கானிக் அண்ணையும் எட்டிப் பார்த்து, "உது சி.எஸ். தான் தம்பி, கண்ணாடியைப் பாரும்" என்றார்.

ஆனால் இந்த இடத்தில் என் பக்கவாட்டு விதி பாதி வழிக்கு மேல் வராது என்பதையும் சொல்லவேண்டும். ஏழாவது முதல் ஒன்பதாவது வரையான எவொலூஷன்கள் இதே லான்சர் உடலின் மீதே கட்டப்பட்டவை; கூரையும் கண்ணாடி வரிசையும் இரண்டுக்கும் பொது. 2004இல் வந்த அண்டர்கிரவுண்ட் 2இலும் அதே நீட் ஃபோர் ஸ்பீட் வரிசையில் 2005இல் வந்த மோஸ்ட் வோன்ரட்டிலும் உண்மையான எட்டாவது எவொலூஷன் இருக்கிறது. அதையும் சாதாரண லான்சரையும் பிரித்தறிய, எந்த மாற்றமும் செய்யாத நிலையில் மட்காட்டைப் பார்க்க வேண்டும். எவொலூஷனின் மட்காட் தொழிற்சாலையிலேயே வெளியே புடைத்து வரும், பொனற்றில் வெப்பம் வெளியேறும் பெரிய துவாரம் இருக்கும், சில்லின் ஆரைகளுக்கு இடையே பெரிய பிரேக் கவ்வி தெரியும். அதே அண்டர்கிரவுண்டில் வரும் சுபாரு இம்ப்ரெஸா 2.5 ஆர்.எஸ். காரும் இதே வகைச் சிக்கல்தான். பார்ப்பதற்கு ரலி வீரர்களின் கார் போலத் தோன்றினாலும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி வலுவைக் கூட்டும் ரேபோ (turbo) அதில் கிடையாது.

எண்களும் கைகொடுப்பதில்லை. கிரான் டூரிஸ்மோவில் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., சுப்ரா, மிட்சுபிசி ஜி.டி.ஓ. என்று எதைத் திறந்தாலும் பெரும்பாலும் 280 குதிரைவலு அளவிலேயே காட்டும். ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2004 வரை விளம்பரத்தில் அதற்கு மேல் சொல்வதில்லை என்பதே காரணம்.

உரிமம் பெறாத கார்களுக்கு வருவோம். இவ்வகையில் புகழ்பெற்றது, செகா நிறுவனத்துக்காக யூ சுஸுகி 1986இல் உருவாக்கிய அவுட் ரன். அதில் ஓடும் சிவப்புத் திறந்த காரில் எந்த நிறுவனத்தின் பெயரும் உரிமத்தோடு வரவில்லை. ஆயினும் அது ஃபெராரி டெஸ்டரோஸா என்பதில் யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை. அகன்ற பின்புறமும், பின்விளக்குகளை மூடிய கறுப்புக் கம்பிகளும் போதுமானவையாக இருந்தன. உண்மைக் காரின் பக்கங்களில் கதவு தொடங்கிப் பின்சில்லு வரை ஓடும் நீண்ட வரிகள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் றேடியேற்றர்கள் பக்கங்களில் வைக்கப்பட்டதால் அங்கே பெரிய வாய்கள் தேவைப்பட்டன. சில நாடுகளின் சட்டங்கள் அத்தகைய திறந்த வாய்களை அனுமதிக்காததால் அவற்றைக் கம்பிகளால் மறித்தார்கள். இன்னொன்று: அவுட் ரன்னில் வருவது போன்ற கூரையற்ற டெஸ்டரோஸாவை ஃபெராரி விற்பனைக்கே கொண்டுவரவில்லை. பியட் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜியானி அஞ்ஞெல்லிக்காக 1986இல் ஒன்றே ஒன்றை மட்டும் செய்து கொடுத்தது. எனவே அந்த விளையாட்டில் நாம் ஓட்டியது, பணம் இருந்தாலும் கடையில் வாங்க முடியாத காரை.

கார் ஒன்றின் வெளித் தோற்றமே அதன் உற்பத்தியாளருக்குரிய சொத்து என்பது பிற்காலத்தில் நீதிமன்றத்திலும் உறுதியானது. ஃபெராரியின் டேடோனா, டெஸ்டரோஸா ஆகிய கார்களின் உடலைப் போலச் செய்து விற்றவருக்கு எதிராக அந்நிறுவனம் தொடுத்த வழக்கில், 1991இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஃபெராரியின் பக்கமே தீர்ப்பளித்தது. செகா பின்னர் 2003இல் அவுட் ரன் 2ஐ முறையான ஃபெராரி உரிமத்தோடு வெளியிட்டது. உரிமம் பெறுவதில் வேறொரு தொல்லை உண்டு. அதற்குக் காலவரையறை இருக்கிறது. காலம் முடிந்தால் விளையாட்டையே விற்பனையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம், ஏனெனில் கார்களை உன்னிப்பாக வரைந்தவர்களின் உழைப்பு அத்தோடு புதிதாக யார் கண்ணிலும் படாமல் போகிறது.

உரிமத்தின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ரூஃப் நிறுவனத்தினுடையது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து 2016 வரை போர்ஷே கார்களைக் காட்டும் உரிமை எலெக்ட்ரொனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்ததால், வேறு விளையாட்டுகளில் போர்ஷேயின் 911ஐ வைப்பது பெரும் சிரமமாக இருந்தது. 1999இல் வந்த கிரான் டூரிஸ்மோ 2 முதல், அந்த இடத்தில் ரூஃப் என்ற பெயரோடு 911 போன்ற ஒரு கார் வந்து நின்றது. பலர் இதைப் போலி என்றும், பெயர் மாற்றி ஏமாற்றியது என்றும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பவேரியாவின் பாஃபென்ஹவுசன் என்ற சிற்றூரில் இயங்கும் ரூஃப், ஜெர்மனியில் தனிக் கார் உற்பத்தியாளராகவே அங்கீகரிக்கப்பட்டது. போர்ஷேயிலிருந்து வெறும் உடலைப் பெற்றுத் தன் சொந்தச் செசி இலக்கத்தோடு கார்களைக் கட்டியது. அதன் 1987ஆம் ஆண்டு சி.டி.ஆர்., இரட்டை ரேபோ பூட்டிய 3.4 லீற்றர் எஞ்சினிலிருந்து 469 குதிரைவலுவைத் தந்த மஞ்சள் நிறக் கார். திரையில் அதைப் போர்ஷேயிலிருந்து பிரித்தறிய வேண்டுமானால் கதவுக்கு மேலே, கூரை விளிம்பைப் பாருங்கள். அக்காலத்து 911இல் மழைநீர் வழிய ஒரு மெல்லிய பீலி முன்தூணிலிருந்து பின்னோக்கி ஓடும். ரூஃப் காற்றுத் தடையைக் குறைப்பதற்காக அதை வெட்டி எடுத்து மழித்துவிட்டது. அந்தப் பீலி இல்லாத வழுவழுப்பான விளிம்பு விளையாட்டிலும் அப்படியே வரையப்பட்டிருப்பதைப் பார்த்தபோது, அதை வரைந்தவர் உண்மைக் காரின் அருகே போய் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினேன்.

பந்தய விளையாட்டு என்ற வரையறைக்குள் முழுதாக அடங்காவிட்டாலும், கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ வரிசையை விட்டுச் செல்ல முடியாது. அவ்வரிசையின் வைஸ் சிற்றி விளையாட்டில் கார் ஓட்டப் பழகாத என் தலைமுறையினர் குறைவு. அதில் வரும் சீற்றாவின் பக்க வரிகள் டெஸ்டரோஸாவை நினைவூட்டும். ஐந்தாவது விளையாட்டின் எலெஜி ஆர்.எச். 8 நிசான் ஜி.டி.ஆர். ஆர்35, ஃபூட்டோ நம் ஏ.ஈ. 86. ஆனால் அவ்வரிசையின் சுல்தான் போன்ற கார்களுக்கு ஒரே பெயர் சொல்ல முற்படுவது தவறு. வடிவமைப்பாளர்கள் ஒன்றின் முகம், இன்னொன்றின் பின்புறம் என்று வேண்டுமென்றே கலந்து செய்திருக்கிறார்கள். அத்தகைய காருக்கு, உடல் எது, விளக்கு எது என்று பகுதி பகுதியாகச் சொல்வதுதான் நேர்மையான பதில்.

மோஸ்ட் வோன்ரட்டின் நீல, வெள்ளி நிற பி.எம்.டபிள்யூ. எம்3 ஜி.டி.ஆர். கற்பனைக் கார் அன்று. சாதாரண ஈ46 எம்3இல் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும்; ஜி.டி.ஆரில் 4 லீற்றர் வி8 எஞ்சின் இருந்தது. 2001இல் அமெரிக்க லெ மான் என்ற கார்ப் பந்தயத் தொடரின் ஜி.டி. பிரிவில் அது வென்றது; மறுஆண்டு, 100 கார்களும் 1000 எஞ்சின்களும் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி மாற்றப்பட்டதும் பி.எம்.டபிள்யூ. அத்தொடரிலிருந்து அதை விலக்கிக்கொண்டது. பொனற்றில் வெட்டப்பட்ட காற்றுத் துவாரங்களைக் கொண்டு அதை இனங்காணலாம்.

நம் ஊர்க் கார் ஏதாவது விளையாட்டில் இருக்கிறதா என்று மருமகன் கேட்டதற்கு நான் காட்டியது, பிரித்தானியாவைக் களமாகக் கொண்டு 2018இல் வெளிவந்த ஃபோர்ஸா ஹொறைஸன் 4இல் வரும் மொறிஸ் மைனரை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தின் வீதிகளை உயிரோடு வைத்திருந்தவை மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்ற பழைய கார்கள்தாம் என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் அறிவர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த மைனரின் காலத்தைச் சொல்ல இரண்டு இடங்கள் போதும். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் அது 1956க்கு முந்தியது. வளைந்த ஒரே கண்ணாடியாக இருந்தால் அதற்குப் பிந்திய மைனர் 1000. முன்கதவுக்குப் பின்னாலுள்ள தூணில், திரும்பும்போது வெளியே நீளும் சமிக்ஞைக் கைக்கான ஒடுங்கிய பிளவு இருந்தால், அது 1961இல் மின்னும் விளக்குகள் பூட்டப்படுவதற்கு முன்னர் செய்யப்பட்டது. அந்த விளையாட்டும் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது; முன்னரே வாங்கியவர்கள் தொடர்ந்து ஓட்டலாம். மருமகனிடம் அது இருப்பதால், அதிலுள்ள பழைய பிரித்தானியக் கார்கள் ஒவ்வொன்றையும் நான்கு பக்கங்களிலிருந்தும் படமெடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். கோப்பாய்ப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மைனரின் படங்களோடு அவற்றை அடுத்த பதிவில் இடுகிறேன்.