பண்ணையால் போய் பொன்னாலையால் வருவது: தீவகச் சைக்கிள் சுற்று நடத்துகிறவர்களுக்கு

சைக்கிள் ஓட்டம் வைக்கப்போகிறோம் என்று யோசனை கேட்டு வருகிற கழகங்கள் பெரும்பாலும் ரீசேட்டின் நிறத்தை முடிவுசெய்துவிட்டுத்தான் வரும். ஓடப்போகிற வீதியை முழுதாக ஒருதரமும் ஓடிப் பார்த்திருக்காது. ரீசேட் அன்றைய படத்துக்கு உதவும். அடுத்த மாதம் அதே வழியில் ஒரு குடும்பம் தானாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட வேண்டுமென்றால் முதலில் பார்க்கவேண்டியவை வேறு: காற்று, கடலைக் கடக்கிற மிதவை (இங்கே அதைப் ‘பாதை’ என்போம்), பொலிஸ் கடிதம், தண்ணீர். யாழ்ப்பாணத்துத் தீவகச் சுற்றை நடத்தியதில் எங்கள் குழுவுக்குப் பிடிபட்டவற்றை எழுதுகிறோம்.

வழி இதுதான். கோட்டை முனியப்பர் கோயிலடியில் தொடங்கி, பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறை இறங்குதுறை. அங்கே சைக்கிளோடு பாதையில் ஏறி, கடற்கோட்டையைப் பார்த்துக்கொண்டே கடலைக் கடந்தால் காரைநகர். பிறகு பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய், திரும்பவும் பட்டினம். ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஏற்ற இறக்கமே இல்லாத குடாநாட்டில் இது என்ன தூரம் என்று கேட்பவர்கள் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மார்கழி, தையில் வடகிழக்குப் பக்கத்துக் காற்று. இரண்டு பாலங்களிலும் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆனாலும் எந்தக் காலமானாலும் பண்ணையால் போய் பொன்னாலையால் வருவதுதான் சரி. சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தில் எதிர்காற்று இருக்கும். அது விடியற்புறம், காற்றும் இன்னும் எழும்பியிராது, காலும் களைத்திராது. வரும்போது பொன்னாலையில் காற்று முதுகில் தள்ளும். தையில் பொன்னாலைப் பாலம் கொஞ்சம் மல்லுக்கட்ட வைக்கும். ஆனால் அதைத் தாண்டினால் வட்டுக்கோட்டையிலிருந்து வேலியும் பனையும் வீடுகளும் காற்றை மறித்துவிடும். மாறி ஓடினால் தையில் பண்ணைப் பாலம் கடைசியாக வரும். பத்து மணி வெயில், எதிர்காற்று, போத்தலில் தண்ணீர் இல்லை. ஆட்கள் இறங்கி உருட்டத் தொடங்குவது அங்கேதான்.

நாள் குறிப்பதில் மாசி மாதம் எங்களுக்குப் பிடித்தது. மழை விட்டு வெள்ளம் வற்றியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது, நீர்ப்பறவைகளும் கரையோரம் நிற்கும். ஐக்கிய நாடுகள் சபை 2018இல் அறிவித்த உலக சைக்கிள் தினம் யூன் 3. அன்றைக்கே வைக்கவேண்டும் என்று சிலர் ஒற்றைக்காலில் நிற்பார்கள். அந்த நாளுக்கு நல்லூர் பக்கம் ஒரு சின்ன ஓட்டம் போதும், சோளகத்துக்குள் ஐம்பது கிலோமீற்றர் வேண்டாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் வேலணைப் பக்கம் குறிகட்டுவான் போகிற பஸ்களும் வான்களும் நிறைந்திருக்கும். நல்லூர்த் திருவிழா நாட்களில் நகரத்துக்குள் வீதி மறிப்பு. ஞாயிறு காலையில் கரையோர ஊர்களில் பூசை, பிள்ளைகளுக்கு ரியூசன். ஆகவே நாளைச் சொல்வதற்கு முன் பங்குத்தந்தையிடமும் இரண்டு ரியூசன் நிலையங்களிலும் கேட்டுவிடுங்கள்.

அனுமதியில் பலர் அகப்படுவது ஒரே இடத்தில்: யாழ்ப்பாணம் பொலிஸில் மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருப்பது. இந்தச் சுற்று யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் என்று பல பொலிஸ் பிரிவுகளுக்குள்ளால் போகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப் பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கவேண்டும். கடிதத்தில் வழி, ஒவ்வொரு சந்திக்கும் வந்துசேரும் நேரம், ஆட்தொகை, பொறுப்பாளர் இருவரின் தொலைபேசி எண்கள் இருக்கட்டும். வரைபடம் ஒன்று இணைத்தால் கேள்வி பாதியாகக் குறையும். மூன்று கிழமைக்கு முதலே கொடுங்கள். ஒலிபெருக்கி வைப்பதென்றால் அதற்கு வேறாக எழுதவேண்டும். பிரதேச செயலகங்களுக்கும் பிரதி போகட்டும். வழியில் கடற்படை முகாம்கள் உண்டு, அவ்விடங்களில் படம் எடுக்கக்கூடாது என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். வாயால் சொன்னால் செல்பி பிரியர்களுக்குக் கேட்பதில்லை.

அடுத்தது பாதை. மொத்தச் சுற்றின் கழுத்து இதுதான். சின்ன மிதவை, கடக்கச் சில நிமிடம்தான், ஆனால் ஒரே தடவையில் அறுபது சைக்கிள் ஏறாது. ஆட்களை மொத்தமாக அனுப்பினால் இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்பார்கள். அதைவிட மோசம், வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஊர்ச்சனம் உங்களால் பிந்தும். ஒருதரம் அந்தக் கோபத்தைச் சம்பாதித்தால் அடுத்த வருடம் அந்த ஊரில் உதவிக்கு ஒருவரும் வரமாட்டார். பதினைந்து பேராகப் பிரித்து, முனியப்பர் கோயிலடியிலேயே இருபது நிமிட இடைவெளியில் விடுங்கள். இறங்குதுறையில் ஒரு தொண்டர் நின்று ஊர்ச்சனத்தை முதலில் ஏற்றிவிட்டு மீதி இடத்துக்குச் சைக்கிள்களை அனுப்பவேண்டும். ஏறும்போது சைக்கிளை ஸ்ராண்டில் விடாமல் கையில் பிடித்தபடி நிற்கவேண்டும். மிதவை ஆடும்போது ஒன்று சரிந்தால் வரிசையாக எல்லாம் சரியும். பாதை பழுதாகி நிற்கிற நாட்களும் உண்டு. முதல்நாள் பின்னேரம் நேரில் போய்ப் பாருங்கள். ஓடாவிட்டால் ஊர்காவற்றுறையோடு திரும்புவதாக மாற்று வழியை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்.

அடையாளம் வைப்பதில் வீதி யாருடையது என்று தெரிந்திருப்பது நல்லது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கும் உரியவை. நிரந்தரப் பலகை நடுவதென்றால் இந்த வரிசைப்படிதான் கடிதம் எழுதவேண்டும். ஒருநாள் அடையாளத்துக்குச் சுண்ணாம்புக் கரைசல் போதும், அடுத்த மழையோடு போய்விடும். சந்திக்கு இருபது மீற்றர் முன்னால் ஓர் அம்புக்குறி, திரும்பிய பிறகு இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலர் போடுவதில்லை; அது இல்லாவிட்டால் சரியாகத் திரும்பியவரும் சந்தேகப்பட்டு நின்றுவிடுவார். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். கஞ்சிப்பசை பூசி ஒட்டிய காகிதம் ஆட்டுக்குத்தான் விருந்து.

ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் போகிறவர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. உங்கள் கழகத்தின் வேகமான பொடியனை அங்கே விடாதீர்கள். கடைசி ஆள்தான் அனுபவசாலியாக இருக்கவேண்டும். பம்பும் சாவிகளும் அவரிடம்தான். பாலங்களில் ஒற்றை வரிசை. பஸ் பின்னால் ஹோர்ன் அடித்தால் ஒருவரும் வலப்பக்கம் விலகக்கூடாது என்பதைத் தொடங்கும்போதே அழுத்திச் சொல்லவேண்டும். சுடிதார்ச் சால்வையைப் பின்னால் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். சங்கிலிக் கவர் இல்லாத சைக்கிளில் சால்வை போய்ச் சிக்கினால் ஆள் விழுவது நிச்சயம்.

இனிச் சைக்கிள். வருகிறவற்றில் பாதிக்கு மேல் மாதக்கணக்காகத் தாழ்வாரத்தில் நின்றவையாக இருக்கும். முதல்நாள் பின்னேரம் சனசமூக நிலையத்தில் இரண்டு சைக்கிள் திருத்துநர்களை இருத்தி இலவசமாகப் பார்க்கவைத்தால் வழியில் வரும் கரைச்சல் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். பார்க்கவேண்டியது: சங்கிலியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் இடம் இருக்கவேண்டும். அதற்குக் கூடினால் கழரும், குறைந்தால் இறுகி முறுகும். ரயரின் பக்கச் சுவர் வெடித்திருக்கிறதா என்று மடக்கிப் பார்க்கவேண்டும். பெடல் தண்டைப் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வந்தால் தண்டை அச்சோடு பிணைக்கும் கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது. பழைய சைக்கிள்களில் இது கட்டாயம் வரும். அப்படியே ஓடினால் பின் தேய்ந்து, தண்டும் வீணாகும். பிரேக் கட்டை இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

அறுபது பேருக்கு நாங்கள் கொண்டுபோவது: 28 அங்குல ரியூப் நாலு, 26 அங்குலம் நாலு, சிறுவர் சைக்கிளுக்கு 20 அங்குலம் இரண்டு, சொலூசன் மூன்று குப்பி, ஒட்டுத் துண்டுகள், அரத்தாள், வால்வு றப்பர் ஒரு முழம், கொட்டர் பின் நாலு, பிரேக் கட்டை நாலு சோடி, 15 இலக்கச் சாவி குழுவுக்கு ஒன்று, பம்பும் அப்படியே. காற்றுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஒழுங்கை ஓரத்து நெருஞ்சியும் வேலி வெட்டிப் போட்ட முட்கிளுவையும். ஒட்டுப் போடுவதற்கு முன் ரயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காவிட்டால் அரைக் கிலோமீற்றரில் திரும்பவும் இறங்கும். மற்றது, காற்றுக் குறைந்த ரயரோடு மதகு விளிம்பில் ஏறுவது. ரியூப் றிம்மில் நசிந்து பக்கத்தில் பக்கமாக இரண்டு துளை விழும். இரட்டைத் துளை கண்டால் முள் தேடி நேரத்தை விடவேண்டாம், இரண்டையும் ஒட்டிவிட்டுக் காற்றைக் கூட்டி அடித்துவிட்டால் சரி.

தண்ணீரை வழியில் நிரப்பலாம் என்று நம்பி வரவேண்டாம். தீவகத்துக் கிணறுகளில் பல உவர். ஆளுக்கு மூன்று லீற்றர் கணக்கு வைத்து, 20 லீற்றர் கான் ஒன்பது, கைவசம் இன்னும் ஒன்று. வேலணையிலும் காரைநகரிலும் இறங்குதுறையிலும் பிரித்து வைத்தால் போதும். ஆட்கள் தங்கள் போத்தலைக் கொண்டுவரட்டும், சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் வாங்கிக் கொடுத்தால் பாலத்தடியில் மிதக்கும். காரைநகரில் கொடுக்கும் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புத்தூள்) பக்கற் கரைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு அவித்த பயறும் கதலியும். ரோல்ஸ் கொடுத்தால் பொன்னாலைப் பாலத்தில் நெஞ்செரியும். யாரும் தலைசுற்றி விழுந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கும்போது இடத்தைக் கோயில், பள்ளிக்கூடப் பெயரோடு சொல்லுங்கள். ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

சைக்கிள் ஓடமுடியாத முதியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அதே காலையில் நல்லூரில் ஒரு நடை வைக்கலாம். கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கி முத்திரைச் சந்தி, சங்கிலியன் தோப்பு, மந்திரி மனை, ப வடிவத்து யமுனா ஏரி. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியும். பருத்தித்துறை வீதியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று மறித்து எல்லாரையும் ஒரே கட்டாகக் கடத்தவேண்டும். மந்திரி மனைச் சுவர்கள் பலவீனமானவை, வெளியே நின்றே கதை சொல்லுங்கள். ஏரிப் படிக்கட்டில் பாசி.

பிரதம விருந்தினரைத் தொடக்கத்துக்கு அழைக்காதீர்கள். மாலை, விளக்கு, உரை என்று முக்கால் மணித்தியாலம் போனால் அந்த முக்கால் மணி கடைசியில் வெயிலாகத் திரும்பிவரும். முடிவிடத்தில் இருத்துங்கள், வந்துசேர்கிறவர்களுக்கு அவரே மோர் கொடுக்கட்டும்.

முடிந்த அன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கே காற்றுப் போனது, எங்கே வீதியோரம் உடைந்திருந்தது, எங்கே ஒருவர் விழுந்தார் என்று கடைசி ஆட்களிடம் கேட்டு எழுதிவிடுங்கள். அதை வைத்து வீதிக்குரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும்போது "வேலணைக்குக் கிட்ட" என்று எழுதினால் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். கிலோமீற்றர் கல்லையும் மதகில் எழுதியிருக்கும் இலக்கத்தையும் குறித்து, உடைந்த ஓரத்தின் நீளத்தை மீற்றரில் அளந்து, படத்தோடு கொடுத்தால் வேலைப் பகுதிக்காரர் நேரே அந்த இடத்துக்கே வருவார்.