நார்மண்டி ஹெல்மெட் என்கிறாரா? விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய ராணுவ ஹெல்மெட் சேர்க்க ஆரம்பிக்கிற பலரும் முதலில் கை வைப்பது அமெரிக்காவின் எம்1 மேல்தான். இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் 2 கோடிக்கு மேல் செய்து தள்ளினார்கள், அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பெரும்பங்கு டெட்ராய்ட்டின் மெக்கார்ட் கம்பெனியில் செய்தது, மீதி செயின்ட் லூயிஸின் ஷ்லூட்டர். சிக்கல் என்னவென்றால், அதே எஃகு ஓடுகளுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, வாரை மாற்றி, கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் அனுப்பினார்கள். போதாததற்கு பெல்ஜியம், நெதர்லாந்து போன்ற நாடுகளும் அதே வடிவத்தில் சொந்தமாகச் செய்துகொண்டன. ஆன்லைன் ஏலத்துக்கு வந்துவிட்டால், விற்கிறவர் சொல்படி, இவை அத்தனையும் நேச நாட்டுப் படைகளோடு பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியவைதான்!

அதனால் விற்கிறவரிடம் நான் முதலில் கேட்பது விளிம்பின் படம். ஓட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டை மடித்து ஓடும், அதன் இரண்டு முனைகளும் சேருகிற ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1941-இல் தொடங்கி 1944 இலையுதிர்காலம் வரை அது நெற்றிக்கு நேராக இருந்தது, அப்புறம்தான் பின்பக்கம் போனது. நார்மண்டி இறக்கம் 1944 ஜூன் 6. ஒட்டு பின்னால் இருந்தால் அது அந்தக் கடற்கரைக்குப் போயிருக்க வழியே இல்லை, கூடவே தாத்தாவின் கடிதம் ஒன்றைக் காட்டினாலும் சரி.

அடுத்து தாடைவார் மாட்டுகிற வளையம். ஆரம்பத்தில் அது அசையாமல் ஓட்டோடு பற்றவைத்திருக்கும், கீழே போட்டால் உடைந்துவிடும் என்பதால் 1943 கடைசியில் மடங்குகிற வளையத்துக்கு மாறினார்கள். முன் ஒட்டும் அசையாத வளையமும் சேர்ந்து கிடைத்தால் விலை ஏறும், ஏறத்தான் வேண்டும்.

உள்ளே நெற்றி மறைப்பின் அடியில் ஒரு எண்ணும் பெரும்பாலும் ஓர் எழுத்தும் குத்தியிருக்கும். அது உருக்கிய எஃகின் எந்தத் தொகுதியில் செய்தது என்பதற்கான குறி. ஷ்லூட்டர் என்றால் கூடவே ஆங்கில எஸ் எழுத்து. பெயிண்ட் மூடியிருந்தால் சுரண்டாதீர்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே தெரியும். நெற்றி ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடினால் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள், எனக்கென்னவோ அது தெரிந்தால் நம்பிக்கைதான் கூடும். அந்த மாங்கனீசு எஃகை அழுத்தி வடித்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் வருஷக்கணக்கில் வெளிவருவதால் வருகிற விரிசல் அது. விளிம்பில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்திருப்பதும் அப்படித்தான், ஆரம்பகாலப் பட்டை துருப்பிடிக்காத எஃகு, அதில் பெயிண்ட் நிற்காது. ஒரு சின்ன காந்தமும் பையில் இருக்கட்டும். இந்த எஃகைக் காந்தம் பெரிதாக இழுக்காது, பட்டென்று ஒட்டிக்கொண்டால் யோசியுங்கள்.

லைனர், அதாவது ஓட்டுக்குள் போடுகிற உள்தொப்பி, தனிக் கதை. ஓட்டுக்குள் அது சும்மா செருகி இருப்பதுதான், யாரும் எதையும் மாட்டலாம், 1943 ஓட்டுக்குள் வியட்நாம் கால லைனர் இருப்பது சர்வசாதாரணம். அதில் தப்பில்லை, ஆனால் ஜோடிக்கென்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெரிய ஏமாற்று நடப்பது பெயிண்டில். பாராசூட்டில் குதிக்கிற அமெரிக்காவின் 101-ஆவது வான்வழிப் பிரிவின் ரெஜிமெண்டுகள் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் சீட்டுக்கட்டுச் சின்னங்கள் வரைந்திருந்தன, 506-க்கு ஸ்பேடு, 502-க்கு இதயம், 501-க்கு டைமண்டு. ஒரு சாதாரண ஓட்டில் வெள்ளை ஸ்பேடு வரைய பத்து நிமிஷம் போதும், விலையோ பல மடங்கு. வெள்ளைப் பெயிண்ட் கீறல்களுக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் கீறல் விழுந்த பிறகு வரைந்தது அது. சின்னத்துக்கு நான் பைசா கொடுப்பதில்லை, வெறும் ஓட்டுக்கு என்ன விலையோ அதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன், பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள்.