பெரியம்மாவின் சொம்பும் கிள்ளான் ஆறும்

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் சொந்தக்காரர்களிடம் "இந்த ஊரே ரெண்டு ஆறு கூடுற இடத்துல பொறந்ததுதான்" என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கே பெரியம்மா மாற்றுப்புடவை, மஞ்சள், பித்தளைச் சொம்பு எல்லாம் அடங்கிய பையோடு சோபாவில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் குளித்திருக்கவும் மாட்டார். ஆறு கூடும் இடம் என்றால் அவருக்குத் தெரிந்தது பவானி கூடுதுறை. காவிரியும் பவானியும் கண்ணெதிரே சேரும், அமுதநதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும், சங்கமேசுவரரைக் கும்பிட்டுப் படித்துறையில் இறங்கி மூன்று முழுக்கு. ஆடிப்பெருக்கன்று அங்கே நிற்க இடம் கிடைக்காது. இங்கே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் பக்கம் நிற்க இடம் தாராளமாக உண்டு. ஆற்றில் இறங்கத்தான் வழி கிடையாது.

சொன்னது சொன்னதுதான், இனிக் கூட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த வட்டாரத்தில் பார்க்கிங் தேடிச் சுற்றும் நேரத்தில் பெரியப்பா மூன்று முறை "சங்கமம் எங்கேப்பா?" என்று கேட்டுவிடுவார். எல்ஆர்டி ரயிலில் போனால் அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங், கிளானா ஜெயா என்று மூன்று பாதைகளும் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் நிற்கும். முதல் இரண்டும் மேலே ஓடுபவை, கிளானா ஜெயா மட்டும் நிலத்தடி. ஆளுக்கு ஒரு டச் என் கோ பயண அட்டை வேண்டும். ஒரே அட்டையை நாலு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. டோக்கன் வாங்கினால் அந்த நீலப் பிளாஸ்டிக் வில்லை பெரியப்பாவின் சட்டைப்பையில் பாக்குப் பொட்டலத்தோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியேறும்போது அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். பின்னால் இருபது பேர் நிற்க, அவர் பாக்கைத் தனியாகவும் டோக்கனைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருப்பார்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பள்ளிவாசல் கண்ணில் படும். எல்லாரும் அங்கேயே நின்று குவிமாடங்களைப் படமெடுத்துவிட்டு "சங்கமம் பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஓர் ஆறுதான் தெரியும், அதுவும் பாதி. சற்று தெற்கே நடந்து லெபோ பாசார் பெசார் பாலத்துக்குப் போய், நடுப்பாலத்தில் வடக்கு நோக்கி நிற்க வேண்டும். இடது பக்கம், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் முதுகுப்புறமாக வருவது கோம்பாக். வலது பக்கம், மஸ்ஜிட் இந்தியா கடைவீதித் திசையிலிருந்து வருவது கிள்ளான். இரண்டுக்கும் நடுவே கூர்முனையில் தென்னைகளோடு நிற்கிறது பள்ளிவாசல். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்து கொடுத்து 1909-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த முனை மலாய்க்காரர்களின் இடுகாடாக இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை நடுப்பகலையும் தவிர்த்துவிடுங்கள். உடம்பை மூட அங்கி வாசலிலேயே தருவார்கள்.

படம் எடுக்கும்போது கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் ஒன்று கோம்பாக் மட்டும் விழும், அல்லது கிள்ளான் மட்டும் விழும். அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "சங்கமம்" என்று எழுதினால் "இன்னொரு ஆறு எங்க?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாமா கேட்பார். மலைப்பக்கம் ஓர் ஆற்றில் மட்டும் மழை பெய்திருந்தால் இரண்டு தண்ணீரும் இரண்டு நிறத்தில் வந்து, சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கோடு பிரித்தாற்போல் ஓடும். அன்றைக்குப் படம் அருமையாக விழும். மற்ற நாட்களில் இரண்டும் ஒரே பழுப்புதான். இரவு என்றால் கரையில் நீல விளக்கு போட்டுவிடுவார்கள், ஆற்றின் உண்மை நிறம் பற்றிப் பேச்சே எழாது. விருந்தாளி கொஞ்சம் குறை சொல்கிற ரகம் என்றால் எட்டு மணிக்கு மேல் கூட்டிப்போவது உத்தமம்.

பகலில் போனவர்கள் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். முதலில் ஒரு மௌனம். பிறகு பெரியம்மா: "இதுவா? இதுக்கு எங்க கூவம் தேவலைடா."

இந்த இடத்தில் ஆற்றுக்காகப் பரிந்து பேச வரலாற்றைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, மலாக்கா சீன வணிகர்களிடம் திரட்டிய 30,000 வெள்ளி (டாலர்) முதலோடு 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்றோடு மேலே அனுப்பினார். படகு இந்த முனை வரைதான் வந்தது, அதற்கு மேல் போக ஆற்றில் ஆழம் போதவில்லை. இறங்கி, சாமான்களைத் தோளில் சுமந்து, காட்டு வழியாக அம்பாங் வரை நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் மலேரியா அவர்களில் 69 பேரைக் கொண்டுபோனது. மிஞ்சிய 18 பேரோடு விட்டுவிடாமல் மறுபடி ஆள் அனுப்பி, 1859-இல் ஈயம் வெளியே போகத் தொடங்கியது. மேலே போகும் அரிசியும் கீழே வரும் ஈயமும் இங்கேதான் கை மாற வேண்டும். கை மாறும் இடத்தில் கடை வரும், கடை வந்தால் சந்தை வரும். பாலத்திலிருந்து கிழக்கே எட்டிப் பார்த்தால் தெரியும் மேடான் பாசார்தான் அந்தப் பழைய சந்தைத் திடல்.

ஆக, ஊர் இங்கே வந்ததற்கு ஆறுகள் சேர்ந்த புனிதம் காரணமில்லை, படகு தரை தட்டியதுதான் காரணம். இதைப் பெரியம்மாவிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பெரியப்பாவின் சந்தேகம் வேறு மாதிரி இருக்கும். "ரெண்டும் சேர்ந்த பிறகு ஏன் கிள்ளான்னே பேரு? கோம்பாக் என்ன பாவம் பண்ணுச்சு?" கிள்ளான்தான் நீளமானது. உலு கிள்ளான் மலைகளில் பிறந்து கிள்ளான் துறைமுகம் வரை சுமார் 120 கிலோமீட்டர் ஓடுகிறது, கோம்பாக் அதன் கிளை. அதோடு விடாமல் ஊர்ப் பெயருக்குத் தாவுவார். மலாயில் 'கோலா' என்றால் ஓர் ஆறு போய்ச் சேரும் முகம். கோலகங்சாரில் சிறிய கங்சார் ஆறு பெரிய பேராக் ஆற்றில் விழுகிறது, ஊருக்குக் கிடைத்தது சிறிய ஆற்றின் பெயர். அந்தக் கணக்கில் நம் தலைநகரம் கோலகோம்பாக் ஆகியிருக்க வேண்டும். ஆகாததற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) இந்தப் பேச்சைத் தொடங்கினால் இரண்டாவது தேநீரிலும் முடியாது.

அடுத்து குளியல் விவகாரம். இரு கரையும் சிமெண்டுச் சுவர், படித்துறை இல்லை, தண்ணீருக்குள் எலிக்காய்ச்சல் முதல் என்னென்னவோ இருக்கும். ஆற்றைச் சுத்தம் செய்ய 4.4 பில்லியன் வெள்ளியில் (ரிங்கிட்) 'ரிவர் ஆஃப் லைஃப்' என்ற திட்டமே உண்டு. 110 கிலோமீட்டர் ஆற்றுவழியின் நீரைத் தரம் IIB-க்குக் கொண்டுவருவது அதன் குறிக்கோள். IIB என்றால் உடம்பில் பட்டாலும் பாதகமில்லாத, இறங்கி விளையாடக்கூடிய தண்ணீர். ஆகவே பெரியம்மாவும் அரசாங்கமும் ஒரே கட்சிதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாம். "எப்போ முடியும்?" என்று மட்டும் கேட்க விட்டுவிடாதீர்கள்.

அவர் இறங்கியே தீருவேன் என்று சுவரோரம் குனியும் நேரத்தில் பெரும்பாலும் ஒரு பியாவாக் உதவிக்கு வரும். சுவரடியில் ஒதுங்கிய சேற்றில் அசையாமல் கிடந்துவிட்டு, பிளவுபட்ட நாக்கை இரண்டு தடவை நீட்டிப் பார்த்து, வாலைப் பக்கவாட்டில் வீசி நீந்திப் போகும். "முதலைடா!" என்ற அலறல் டத்தாரான் மெர்டேக்கா வரை கேட்கும். முதலை இல்லை, தண்ணீர் உடும்பு. இரண்டு மீட்டர் வரைகூட வளரும். மீன், எலி, கரையில் கிடக்கும் சோற்றுப் பொட்டலம் எல்லாம் தின்னும், மனிதர்களைச் சீண்டாது. இந்த விவரத்தை உடனே சொல்ல வேண்டியதில்லை. குளியல் திட்டம் முழுமையாகக் கைவிடப்பட்ட பிறகு சொன்னால் போதும்.

தீர்த்தம் கிடைக்காமல் முகம் வாடியவருக்கு ஒரு நல்ல மாற்று வழி இருக்கிறது. பத்துமலை அடிவாரத்தை ஒட்டி ஓடுகிறதே சுங்கை பத்து, அது கோம்பாக்கில் சேர்கிறது, கோம்பாக் இங்கே வந்து கிள்ளானில் சேர்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் முழுகிப் புறப்படுவது அந்தச் சுங்கை பத்துக் கரையில்தான். பாலத்தில் ஓடுவதில் பத்துமலைத் தண்ணீரும் ஒரு பங்கு என்று விளக்கிவிட்டால் பெரியம்மா உடனே கையைக் கூப்பிவிடுவார். கூவம் பேச்சு அத்தோடு போச்சு. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் துன் எச். எஸ். லீ சாலையில் மகா மாரியம்மன் கோயில். தம்புசாமி பிள்ளை 1873-இல் தொடங்கியது, தைப்பூச வெள்ளிரதம் புறப்படும் இடம். கும்பிட்டுவிட்டு லெபோ அம்பாங் பக்கம் திரும்பினால் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு. பசியாறவும் அங்கேயே கடை உண்டு. என்னைக் கேட்டால் முழுச் சுற்றுலாவில் உருப்படியான பகுதி இதுதான், ஆறு ஒரு சாக்கு.

"இறங்கிக் குளிக்கிற மாதிரி ஒரு கூடுதுறைகூடவா உங்க நாட்டுல இல்ல?" என்று விடாப்பிடியாக நிற்பவர்களைத் தலைநகரை விட்டு வெளியே கூட்டிப்போக வேண்டியதுதான். கோலலிப்பிஸில் லிப்பிஸ் ஆறும் ஜெலாய் ஆறும் சேர்கின்றன. 1898 முதல் 1950கள் வரை பகாங்கின் தலைநகராக இருந்து, இப்போது மதியம் இரண்டு மணிக்கே கொட்டாவி விடும் ஊர். கோலதாஹானில் தாஹான் ஆறு தெம்பெலிங்கில் சேரும், எதிர்க்கரையில் தேசியப் பூங்காக் காடு, சாப்பாட்டுக் கடைகளே ஆற்றில் மிதக்கும். போக நாலு மணி நேரம் ஆகும் என்று சொன்னதுமே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். கிளந்தானில் கோலகிராய்க்கு வருட இறுதியில் மட்டும் கிளம்பாதீர்கள். காலாஸும் லெபிரும் சேர்ந்து கிளந்தான் ஆறாகும் இடம் அது. அங்கே தங்கா கிராய் என்ற படிக்கட்டில் நீர்மட்டம் குறித்திருப்பார்கள், 25 மீட்டர் தொட்டால் அபாயம். 2014 டிசம்பர் வெள்ளம் அதையெல்லாம் தாண்டிப் போனது.

கோலாலம்பூரும் வெள்ளத்தில் சளைத்த ஊர் இல்லை. 1881 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து, அதே ஆண்டு டிசம்பரில் தண்ணீரில் மூழ்கியது. பிறகு 1926, 1971. ஆறுகளைக் கூட்டிவைத்த இடத்தில் ஊரையும் வைத்தால் இரண்டு ஆற்றுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரத்தானே செய்யும். மேலே மலை செங்குத்து, கீழே எங்கு பார்த்தாலும் தாரும் சிமெண்டும், பெய்த மழை மண்ணில் இறங்காமல் நேரே ஆற்றுக்கு ஓடுகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பல அடி ஏறிவிடும். கரையோர நடைபாதையில் நிற்பவர்களை அப்போதே மேலே கூட்டி வந்துவிடுங்கள். "மழை இங்க பெய்யலையே" என்று பெரியப்பா வாதாடுவார். கோம்பாக்கில் பெய்தது இங்கே வந்துகொண்டிருக்கும்.

2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் இதற்காகத்தான். கிள்ளானும் அம்பாங் ஆறும் சேரும் பக்கத்திலேயே மிகுதி நீரை மடக்கி, 9.7 கிலோமீட்டர் குழாயில் நகரத்துக்கு அடியாகக் கொண்டுபோய்த் தெற்கே கெராயோங் ஆற்றில் விடுகிறது. அந்தக் குழாயின் நடுப்பகுதியில் இரண்டு அடுக்கில் கார்கள் ஓடுகின்றன. மழை குறைவென்றால் முழுக்கக் கார்தான். நடுத்தர மழையில் கார் அடுக்குகளுக்கும் அடியில் இருக்கும் வாய்க்காலில் தண்ணீர், மேலே கார். அடைமழையில் கார்களை வெளியேற்றிவிட்டு மதகைத் திறந்துவிடுவார்கள், சாலையும் ஆறாகிவிடும். வடிந்த பிறகு கழுவிச் சுத்தம் செய்துதான் மறுபடி கார் விடுவார்கள், அது உடனே நடக்கிற வேலை இல்லை. மோட்டார்சைக்கிளுக்கும் லாரிக்கும் எப்போதுமே அனுமதி கிடையாது.

எனவே விருந்தாளிகளின் விமானம் இரவில் என்றால், சாயங்காலம் வானம் கறுத்ததுமே சுரங்கத்தைக் கணக்கில் எடுக்காமல் கிளம்புங்கள். அது மூடினால் அதில் போக வேண்டிய கார்கள் எல்லாம் மேலே சாலைக்கு வந்து நிற்கும். கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலைய ரயில் அரை மணி நேரச் சொச்சத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பெரியம்மா மஸ்ஜிட் இந்தியாவில் வாங்கிய பெட்டிகள் நான்குக்கு மேல் போனால் மட்டும் இரண்டு பேர் கூடவே வர வேண்டியிருக்கும்.