சுடுவது அவர், சுமப்பது நான்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

நாளை அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை தொடங்குகிறது. மே 5 வரை நடக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு காட்டில் பாரம் தூக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. அதனால் சுடுவது அவர், சுமப்பது நான். எனக்குத் துப்பாக்கியும் கிடையாது, உரிமமும் கிடையாது.

சாயங்காலம் என் உடுப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தருகே உள்பனியனின் வெள்ளை தெரிந்தது. "இது வேண்டாம்" என்றார். நீலக் கைக்குட்டையும் சிவப்புக் காலுறையும் கூடாதாம். வசந்தத்தில் வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாக இருக்கும். புதருக்குள் அந்த நிறங்களில் எது அசைந்தாலும் வேறொரு வேட்டைக்காரர் கண்ணுக்கு அது சேவல்தான். அப்புறம் உடுப்பு முழுக்க உண்ணிக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து அடித்துக் காயப்போட்டோம். வீட்டுக்குள் ஒரே வாடை.

ஏப்ரல் 15, திங்கள்

எனக்கு அலுவலகம். அவர் தனியாகப் போய் வந்தார். சேவல் கூவியதாம், ஆனால் பெட்டைகள் கூடவே இருந்ததால் இவர் குரலுக்கு மசியவில்லையாம். சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 20, சனி

ரோலா என்ற ஊருக்குத் தெற்கே, மார்க் ட்வைன் தேசிய வனம். மொத்தம் 15 லட்சம் ஏக்கர், துண்டு துண்டாகத் தெற்கு மிசௌரி முழுக்கப் பரவிக் கிடக்கிறது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி மதியம் ஒரு மணி வரைதான் இங்கே சுடலாம் என்பதால் இருட்டிலேயே ஒன்றரை மைல் நடந்து மேட்டில் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

வேட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆந்தை அலறியது, மரத்தில் அடைந்திருந்த சேவல் பதிலுக்குக் கூவியது. பெரியவர் சிலேட்டுக் கல்லில் குச்சியை உரசிப் பெட்டைக் குரல் கொடுத்தார். முக்கால் மணி நேரம் போக்குக் காட்டிவிட்டு வாலை விரித்துக்கொண்டு வந்தது. ஒரே வெடி. அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு துப்பாக்கியில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு, உரிமத் தாளில் மாதத்தையும் தேதியையும் வெட்டி அடையாளம் செய்தார். அதற்கு அப்புறம்தான் பறவையைத் தொட்டோம்.

நெஞ்சில் மயிர்க்கற்றைபோல் தொங்குகிற தாடி பத்து அங்குலம். கால் முள் ஒரு அங்குலத்துக்கு மேல். இரண்டு வயதாவது தாண்டிய சேவல். அங்கேயே குடலை எடுத்தார். குளிர் இன்னும் விடவில்லைதான், ஆனாலும் இறகு கம்பளி மாதிரி உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்குமாம், இறைச்சி சீக்கிரம் ஆற வேண்டுமாம். இரைப்பையைப் பிளந்து காட்டினார்: பச்சை இலைத் துணுக்குகள், உடைந்த ஓக் கொட்டை, சில வண்டுகள்.

பழைய வேட்டைப் படங்களில் ஒருவர் வான்கோழியைக் காலைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பார், இறக்கை இரண்டும் பின்னால் விரிந்து தொங்கும். அது வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிற படம், அப்படி நடக்கவே கூடாது என்றார். இறக்கைகளை மடக்கிக் கயிற்றால் கட்டினார். தலையை உள்ளே செருகி, பளிச்சென்ற ஆரஞ்சு மேற்சட்டையால் முழுசாகச் சுற்றினார். கால்கள் இரண்டிலும் சுருக்குப் போட்டு என் தோளில் மாட்டிவிட்டு, என் முதுகிலும் தொப்பியிலும் ஆரஞ்சு. வசந்த வேட்டையில் ஆரஞ்சு போட வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது போட்டால் பறவை கிட்டேயே வராது. நடக்கும்போது போடாதவனோடு தான் காட்டுக்குப் போவதில்லை என்றார்.

இருபது பவுண்டு என்றால் ஒன்பது கிலோ. அரிசி மூட்டையில் அது ஒன்றும் பெரிய கனமில்லை. ஆனால் மூட்டை ஒரே இடத்தில் கிடக்கும், இது கிடக்காது. சரிவில் இறங்கினால் முன்னால் வருகிறது, ஏறினால் இடுப்பில் இடிக்கிறது. முதுகில் கொஞ்ச நேரத்துக்குச் சூடு தெரிந்தது, அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. ஓசார்க் மலைச்சரிவு முழுக்க உடைந்த சக்கிமுக்கிக் கல், காய்ந்த இலைக்குக் கீழே ஒளிந்துகொண்டு காலை வாரும். வால் இறகு ஒடியக் கூடாது என்பதால் முள்கொடி வந்த இடமெல்லாம் பக்கவாட்டில் நடந்தேன். வால் அவருக்கு வேண்டுமாம்.

பாதி வழியில் எங்களுக்கு முன்னால் பெட்டைக் குரல் கேட்டது. பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கையை ஆட்டவில்லை, விசிலும் அடிக்கவில்லை. சத்தமாக, "காலை வணக்கம், இரண்டு பேர் வருகிறோம்" என்று மனிதக் குரலில் சொன்னார். நாற்பது அடி தூரத்தில் ஒரு மரத்தடி பதில் சொன்னது. ஆள் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் எழுந்து நிற்கும்வரை என் கண்ணுக்குப் படவே இல்லை. இலை சரசரக்கும் சத்தம் கேட்டு, சேவல்தான் நடந்து வருகிறது என்று நினைத்தாராம். வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினார். என் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது பெரியவர் பழைய கதை சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது இந்தப் பக்கத்தில் வான்கோழியே அபூர்வம். காட்டையும் அழித்து, கணக்கில்லாமல் சுட்டும் தீர்த்திருந்தார்கள். 1954இல் மாநில வனவிலங்குத் துறை மிஞ்சிய இடங்களில் வலைபோட்டுப் பிடித்து, இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட ஆரம்பித்தது. 1960இல் மறுபடி வேட்டையைத் திறந்தபோது மாநிலம் முழுக்க விழுந்தவை 94. பிறகு பெருகி, மற்ற மாநிலங்களுக்கும் கொடுக்கிற அளவுக்கு வந்தது. வான்கோழி கொடுத்து நீர்நாய் வாங்கிய கதைகூட உண்டு.

வண்டிக்கு வந்ததும் தோளிலிருந்து இறக்கினேன். கை மரத்துப் போயிருந்தது. சுட்டதை அன்றிரவு பத்து மணிக்குள் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் பார்க்கிங்கிலேயே தொலைபேசியில் முடித்துவிட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வலது தோள் தூக்க முடியவில்லை. பெரியவர் நெஞ்சுக் கறியில் பாதியையும் இரண்டு தொடையையும் கொடுத்தனுப்பினார். "ஏங்க, இதுல நரம்பா இல்ல ஆணியா?" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள். வாழ்நாள் முழுக்க நடந்தே திரிந்த பறவை, கால் நரம்பெல்லாம் கம்பிபோல் இருந்தது. நெஞ்சுக் கறியை மெல்லிசாக நறுக்கி மிளகு வறுவல் செய்தோம். அது இரண்டு நிமிஷம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் வறண்டுபோகிற ரகம். தொடைக்குக் குக்கரில் விசில் கணக்கெல்லாம் எடுபடவில்லை. தேங்காய் அரைத்துவிட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வைத்த பிறகுதான் எலும்பை விட்டது. குழம்பு நன்றாக வந்திருந்தது. அவருக்கு ஒரு தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 24, புதன்

பெரியவர் வீட்டுக் கராஜில் வாலை அட்டையில் விரித்து ஊசி குத்தி வைத்திருக்கிறார். அடிச்சதையைச் சுரண்டிவிட்டு போராக்ஸ் தூள் தடவியிருக்கிறார். காய இன்னும் சில வாரம் ஆகும். ஓர் இறகுகூட ஒடியவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

முதல் வாரத்தில் ஒருவருக்கு ஒரு பறவைதான் என்ற கட்டுப்பாடு முடிந்துவிட்டது. இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது. இந்த முறை ஓடைக்கு அந்தப் பக்கம் போகலாம் என்றார். அது போக இரண்டு மைல், வர இரண்டு மைல். சாலைக்குப் பக்கத்தில் ஏதாவது சேவல் இருக்காதா என்றேன்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.